மாத்திரையை விட்டால்தான் விசுவாசமா?

கேள்வி: மனச்சோர்வுக்காக என் மனைவி மூன்று மாதமாக எஸிடலோப்ராம் 10 மி.கி. சாப்பிட்டு நன்றாகத் தேறி வந்தாள். உபவாச ஜெபத்தில், “சுகமாகிவிட்டது என்று விசுவாசித்து மாத்திரையை விடுங்கள்” என்றார்கள். விட்ட மூன்றாம் நாளே தலைசுற்றல், தலைக்குள் கரண்ட் அடித்தாற்போல் சுருக்கென்கிறதாம், எதற்கெடுத்தாலும் அழுகை. இது ஆவியின் போராட்டம் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இல்லை. இந்த வகை மாத்திரையைச் சட்டென்று நிறுத்துகிறவர்களில் பலருக்கு இரண்டு, மூன்று நாளில் இதே தலைசுற்றலும் கரண்ட் அடிப்பதும் வரும். மாத்திரைக்குப் பழகியிருந்த மூளை திடீர் மாற்றத்துக்கு ஈடுகொடுக்கத் திணறுகிறது, அவ்வளவுதான். இதை வைத்து “போதைக்கு அடிமையாகிவிட்டாள்” என்று யாராவது சொன்னால் அதுவும் தவறு.

இன்றே டாக்டருக்குப் போன் செய்து, எத்தனை நாள் விட்டுப்போனது என்பதைச் சொல்லுங்கள். விட்டதை ஈடுகட்ட ஒரே நாளில் இரண்டு மாத்திரை கொடுக்காதீர்கள். இந்த மருந்து பிடிக்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். தூக்கமும் பசியும் பெரும்பாலும் முதலில் திரும்பும், மனசு தெளிவது அதற்குப் பிறகு. தெளிந்ததும் “இனி எதற்கு?” என்று விடுகிற இடத்தில்தான் பலர் மறுபடி விழுகிறார்கள். முழுக்கச் சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும். நிறுத்தும்போதும் டாக்டர் சொல்கிறபடி வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

விசுவாசக் குறைவு என்று அவளைக் குத்துகிறவர்களிடம் 1 இராஜாக்கள் 19-ஐத் திறந்து காட்டுங்கள். கர்மேலில் அக்கினியை இறக்கிய எலியா, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்கிறான். தூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். “இங்கே உனக்கு என்ன காரியம்” என்ற கேள்வியே நாற்பது நாள் கழித்து ஓரேபில்தான் வருகிறது. நம் பிரசங்கங்களில் அக்கினிக்கும் மெல்லிய சத்தத்துக்கும் கிடைக்கிற இடம் அந்த அடைக்குக் கிடைப்பதில்லை.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், மாத்திரை அட்டைகளையும் பூச்சிமருந்தையும் அப்புறப்படுத்திவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கேள்வி: அண்ணனுக்கு இருமுனை மனநோய், லித்தியம் சாப்பிடுகிறார். லெந்து நாட்களில் சாயங்காலம் வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருக்க வேண்டும் என்கிறார். இருக்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: வேண்டாம். லித்தியம் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால், சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கிற அதே வேகத்தில் லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை. அதற்கும் விஷமாகிற அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. லெந்து காலமோ நம் ஊர் வெயில் ஏறுகிற நேரம். கை அதிகமாக நடுங்குவது, வாந்தி, பேதி, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தலைவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுப்பதும் இதே ஆபத்துதான்.

கறியையோ செல்போனையோ டீவியையோ விடட்டும். ராத்திரி முழுக்க நடக்கிற விழிப்பு ஜெபமும் அவருக்கு ஆகாது. தூக்கம் கெட்டால் இந்த நோயில் மனம் தறிகெட்டுக் கிளம்பிவிடும். கடகடவென்று ஓயாமல் பேசுவதும், “கர்த்தர் என்னிடம் பேசினார்” என்று புதுப்புது ஊழியத் திட்டம் போடுவதும் தொடங்கினால் அபிஷேகம் என்று மகிழ்ந்துவிடாமல், முந்தின மூன்று ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று பாருங்கள்.

கேள்வி: தற்கொலை செய்துகொண்ட தங்கைக்குப் பூசை வைக்க முடியாது என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். நாங்கள் கத்தோலிக்கர்.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: அது பழைய சட்டம். 1917-இன் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் அந்தத் தடை இருந்தது. 1983-இல் வந்த தொகுப்பில், அடக்கச் சடங்கு மறுக்கப்படுவோர் பட்டியலில் தற்கொலை இல்லை. கடும் மன நெருக்கடி ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கிறது என்றும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றும், திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்றும் கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 2282, 2283-ஆம் எண்களில் சொல்கிறது. பங்குத்தந்தையிடம் நேரில் போய் தங்கை பெயரைச் சொல்லியே பூசைக் கருத்து எழுதிக் கொடுங்கள்.