நடுப்பின்னில் வெட்டு இல்லையா? கிளிப்பை இழுக்காதீர்கள், அமுக்குங்கள்

கேள்வி: ஆரையம்பதியில் இருக்கிறேன். என் டொயோட்டா காரின் ரேடியேட்டருக்கு மேலே இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் கவரைக் கழற்றப்போய் இரண்டு கிளிப்பை உடைத்துவிட்டேன். மிச்சக் கிளிப்புகளின் நடுவில் ஸ்க்ரூ டிரைவர் வைக்க வெட்டே இல்லை. தெரிந்தவர் ஒருவர் கம்பியால் கட்டிவிடலாம் என்கிறார். கட்டலாமா?

பதில்: கம்பி வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் மிச்சக் கிளிப்புகளை உடையாமல் கழற்றுவோம்.

இந்தக் கிளிப் இரண்டு துண்டால் ஆனது. வெளியே கால் பிளந்த ஓர் உடல், நடுவில் ஒரு பின். பின் உள்ளே நிற்கும்போது கால்கள் விரிந்து ஓட்டையைப் பிடித்துக்கொள்ளும். பின் இடம் மாறினால் கால்கள் சுருங்கி, கிளிப் தானாகவே வெளியே வரும். எனவே நெம்ப வேண்டியது உடலை அல்ல; அசைக்க வேண்டியது பின்னைத்தான். அது எந்தப் பக்கம் அசையும் என்பதை அதன் தலையே காட்டிவிடும்.

பின்னின் ஓரத்தில் சிறு வெட்டு இருந்தால் தட்டையான ஸ்க்ரூ டிரைவரை அதில் வைத்து மேலே கிளப்ப வேண்டும். நட்சத்திரத் தலை இருந்தால் மெதுவாகத் திருப்ப, பின் மேலே எழும்பி வரும். அழுத்தித் திருப்பினால் தலைதான் வழுக்கும். உங்களுடையதைப் போல வெட்டே இல்லாமல், நடுவில் சிறு குழியோடு இருந்தால் அது அமுக்கும் வகை. பேனா முனை போன்ற ஒன்றால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளுங்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அத்தோடு நிறுத்திவிடுங்கள், மேலும் தள்ளினால் பின் கழன்று கீழே விழுந்துவிடும். பிறகு உடலின் விளிம்பை நகத்தாலேயே தூக்கலாம்.

நம் கடற்கரை ஊர்களில் இன்னொரு சிக்கல் மணல். பின்னுக்கும் உடலுக்கும் இடையில் பொடிமணல் புகுந்து இறுகிவிடும். கழற்றுவதற்கு முன் பழைய டூத் பிரஷை சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொரு தலையையும் தேயுங்கள். ஐந்து நிமிட வேலைதான், பாதிக் கிளிப்புகளைக் காப்பாற்றிவிடும். எஞ்சின் கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போது செய்தால் பிளாஸ்டிக்கும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஹைபிரிட் கார் என்றால் முழுவதும் ஓஃப் செய்து, சாவியைத் தூரத்தில் வையுங்கள். எஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகக்கூடும்.

திரும்பப் போடும்போதுதான் பலர் தவறுகிறார்கள். அமுக்கும் வகையில் பின்னைக் கீழிருந்து மேலே தள்ளி, தலை வெளியே துருத்தி நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். உடலை ஓட்டையில் முழுவதும் இறக்கிய பிறகே பின்னை அமுக்க வேண்டும். பின் உடலோடு சமமாக நின்றால் சரி. பின்னை முதலிலேயே அமுக்கிவிட்டு கிளிப்பை ஓட்டைக்குள் அடித்தால் கால்கள் முறியும்.

புதிது வாங்க உடைந்ததையே ஸ்பெயார் பாட்ஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். ஓட்டையின் அகலமும் காலின் நீளமும் பொருந்த வேண்டும். தலையின் அளவை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். 7 மில்லிமீட்டர் ஓட்டையில் 8 மில்லிமீட்டர் கிளிப்பை அடித்து ஏற்றினால் கவரே வெடிக்கும். டொயோட்டா கிளிப்புகளின் இலக்கம் பெரும்பாலும் 90467 என்று தொடங்கும், அதைச் சொல்லிக் கேட்கலாம். இரண்டு கூடுதலாக வாங்கி டாஷ்போர்ட் லாச்சியில் போட்டு வையுங்கள்.

இனி கம்பி. வண்டி அதிர அதிர அது பிளாஸ்டிக்கை அரம்போல அறுக்கும். ஓட்டை பெரிதானால் புதுக் கிளிப்பும் நிற்காது. நீள ஸ்க்ரூ அதைவிட மோசம். நான் வேலை பழகிய காலத்தில் ஒரு காரின் முன் கவரை யாரோ அப்படி இறுக்கியிருந்தார்கள். ஸ்க்ரூவின் முனை பின்னாலிருந்த, ஏசி கேஸைக் குளிர்விக்கும் கண்டென்சரைத் துளைத்து, கேஸ் முழுவதும் போயிருந்தது. சில ரூபாய்க் கிளிப்புக்காக அந்த மனிதர் கண்டென்சரையே மாற்ற வேண்டி வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் வேகிறது.

எஞ்சினுக்கு அடியில் இருக்கும் கவரையும் பார்த்துவிடுங்கள். மாரியில் வீதியில் தேங்கிய வெள்ளத்துக்குள் வேகமாக ஓட்டினால் தண்ணீரின் தள்ளு முதலில் பிடுங்குவது அதைத்தான். ஒரு பக்கம் தொங்கினால் ரோட்டில் உரசி, மிச்சக் கிளிப்புகளையும் இழுத்துக்கொண்டு போகும். அதில் கிளிப்போடு 10 மில்லிமீட்டர் போல்ட்டுகளும் இருக்கும். உப்புக்காற்றில் அவை துருப்பிடித்திருக்கும். முதல்நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருநாளும் போகாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம்.

எஞ்சின் தலைமேல் இருக்கும் கவர் பல கார்களில் கிளிப்பே இல்லாமல் ரப்பர் குமிழ்களில்தான் உட்கார்ந்திருக்கும். ஸ்க்ரூ டிரைவர் தேவையில்லை. இரண்டு கையாலும் ஒரு மூலையைப் பிடித்து நேரே மேலே தூக்குங்கள், பிறகு அடுத்த மூலை. திரும்ப வைக்கும்போது ரப்பரில் சவர்க்காரத் தண்ணீர் தடவினால் போதும். எஞ்சின் ஒயில் தடவினால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.