வாசகர் கேள்வி–பதில்: பறிமுதல் செய்ய முடியாத சொத்து

கேள்வி: போலந்தைப் பற்றி எதைப் படித்தாலும் ‘இன்டெலிஜென்ட்சியா’ என்ற சொல் வந்துவிடுகிறது. படித்தவர்கள் எல்லா நாட்டிலும் இருக்க, அங்கே மட்டும் அவர்கள் தனி வர்க்கமாகப் பேசப்படுவது ஏன்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்றும் 1772 முதல் 1795 வரை படிப்படியாகப் போலந்தைப் பங்கு போட்டுக்கொண்டதால், 1918 வரை அப்படியொரு நாடே வரைபடத்தில் இல்லை. 1863இல் ரஷ்யாவுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சி தோற்றபின் சிறு பிரபுக்கள் பலரின் பண்ணைகள் பறிமுதலாயின. நிலமிழந்தவர்கள் நகரங்களுக்கு வந்து ஆசிரியராகவும் மருத்துவராகவும் பத்திரிகையாளராகவும் பிழைத்தார்கள். அவர்களிடம் எஞ்சியவை மொழியறிவு, புத்தகங்கள், பழகும் முறை, குடும்ப நினைவு ஆகியவைதாம். பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு ‘பண்பாட்டு மூலதனம்’ என்றது இதைத்தான். பள்ளிக்கூடமே அந்நிய மொழிக்குப் போய்விட்ட வார்சாவில், 1880களில் ‘பறக்கும் பல்கலைக்கழகம்’ ரகசியமாக நடந்தது. போலீஸுக்குத் தெரியாமலிருக்க வகுப்புகள் வீடு வீடாக மாறிக்கொண்டே இருந்தன. பின்னாளில் மேரி கியூரி என்று உலகம் அறிந்த மரியா ஸ்க்வொடோவ்ஸ்காவும் அங்கே படித்தவர்.

இந்தச் சொத்தின் மதிப்பை எதிரிகளும் அறிந்திருந்தார்கள். 1939 நவம்பர் 6 அன்று கிராக்கோவ் பல்கலைக்கழகப் பேராசிரியர்களைச் சொற்பொழிவுக்கென்று வரவழைத்து, 183 பேரை நாஜிகள் கைது செய்தனர். 1940இல் கத்தின் காட்டிலும் வேறு இடங்களிலும் சோவியத் ஆட்சி சுட்டுக்கொன்ற ஏறத்தாழ 22,000 பேரில், போருக்காக அழைக்கப்பட்ட மருத்துவர்களும் ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் ஏராளம்.

கேள்வி: இன்டெலிஜென்ட்சியாவுக்கு இருந்த மரியாதை இன்றும் நீடிக்கிறதா? சிற்றூர் மக்கள் அவர்களை எப்படிப் பார்க்கிறார்கள்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: நீடிக்கிறது, எனக்கு வருத்தம் தருவதும் அதன் ஒரு பக்கம்தான். 1980இல் கிடான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளருக்குப் பத்திரிகையாளர் மசோவியெட்ஸ்கியும் வரலாற்றாசிரியர் கெரெமெக்கும் ஆலோசகர்களாகத் துணை நின்றார்கள். 1989இல் மசோவியெட்ஸ்கி பிரதமரானார். அந்த நெருக்கம் பிறகு தளர்ந்துவிட்டது.

வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களை வார்சாவில் ‘சுவோயிக்’ என்பார்கள். கண்ணாடி ஜாடி என்று பொருள். வார இறுதியில் ஊருக்குப் போய், அம்மா சமைத்து ஜாடிகளில் அடைத்துக் கொடுத்ததைப் பையில் சுமந்து ரயிலில் திரும்புகிறவர்கள் என்பதால் வந்த ஏளனப் பெயர் அது. பேச்சிலும் வேலி உண்டு. ‘போனேன்’ என்பதற்கு ஓர் ஆண் ‘போஷெட்வெம்’ என்று சொல்ல வேண்டும். ‘போஷ்வெம்’ என்று ஓர் அசையை விழுங்கினால் படிக்காதவன் என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அந்நிய ஆட்சியில் மொழியைக் காத்த அதே அக்கறை, சொந்த மக்களை எடைபோடும் தராசாக மாறியது கொடுமை.

விஸ்துலா ஆற்றுக்குக் கிழக்கே உள்ள பகுதிகளைப் ‘போலந்து பி’, அதாவது இரண்டாந்தரப் போலந்து, என்று சொல்லும் வழக்கம் உண்டு. அப்பகுதி மக்கள் தலைநகரிலிருந்து மாறுபட்டு வாக்களித்தால் ‘பின்தங்கியவர்கள்’ என்று விளக்கம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வார்சா அறிஞருக்கு உள்ளூரில் உள்ள மதிப்பில் பெரும்பங்கு, பாரிஸையும் லண்டனையும் அறிந்தவர் என்பதால் வருவது. ஆனால் அந்தப் பாரிஸில் அவரே விளிம்பிலிருந்து வந்தவர். மேற்கு நாடுகள் அவரை அளக்கும் கோலை அப்படியே வாங்கிவந்து, அவர் விஸ்துலாவுக்கு அக்கரையில் இருப்பவர்களை அளக்கிறார்.