காலநிலையும் பிரபஞ்சமும்: ஆதாரத்தைப் பற்றிச் சில கேள்விகள்

பள்ளி ஆசிரியர் ஒருவர்: சார், காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடுகிறது, சரி. அது எரிமலையிலிருந்து வந்ததல்ல, நாம் எரித்ததுதான் என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்?

பதில்: நல்ல கேள்வி. ஹவாய்த் தீவின் மௌனா லோவா ஆய்வகத்தில் 1958-ல் கீலிங் என்ற விஞ்ஞானி அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் கூடுகிறது என்பதை மட்டும் வைத்து யார் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு கார்பனின் வகைகளைப் பார்க்க வேண்டும். நிலக்கரியும் பெட்ரோலியமும் தாவரங்கள், நுண்ணுயிர்களிலிருந்து வந்தவை. அதனால் அவற்றில் கார்பன்-13 என்ற சற்றுக் கனமான கார்பன் வகை குறைவு. எரிமலை வாயுவில் அந்த அளவுக்குக் குறைவில்லை. காற்றில் கார்பன்-13-இன் விகிதம் தொடர்ந்து இறங்கிவருகிறது. அப்புறம் ஆக்சிஜன். எதை எரித்தாலும் அது செலவாகும், எரிமலை வாயு வெளிவர அது தேவையில்லை. காற்றில் ஆக்சிஜனும் மிகச் சிறிய அளவில் குறைந்துவருவதை அளந்திருக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு அளவீடுகள் ஒரே காரணத்தைக் காட்டுகின்றன. என்னை நம்பவைத்தது இதுதான்.

கல்லூரி மாணவி: சூரியன் கூடுதலாகச் சுடுவதால் இருக்கலாமே?

பதில்: அப்படியென்றால் மேல் அடுக்கான அடுக்குமண்டலமும் சூடாக வேண்டும். அது குளிர்ந்துவருகிறது. கார்பன் டை ஆக்சைடு கூடினால் இப்படித்தான் ஆகும் என்று காலநிலை விஞ்ஞானிகள் மனாபேயும் வெதரால்டும் 1967-லேயே கணக்கிட்டுக் காட்டினார்கள்.

வங்கி ஊழியர்: அளவீடே தப்பாக இருந்தால் என்ன செய்வது சார்?

பதில்: இருந்திருக்கிறது. 1990-களில் செயற்கைக்கோள் தரவு கீழ் வளிமண்டலம் ஏறக்குறைய சூடாகவே இல்லை என்று காட்டியது. செயற்கைக்கோள்கள் மெல்ல உயரம் இழந்ததைக் கணக்கில் எடுக்கவில்லை என்று 1998-ல் வென்ட்ஸும் ஷாபெலும் கண்டுபிடித்தார்கள். 2005-ல் இன்னொரு பிழையும் தெரியவந்தது. திருத்தியதும் வெப்ப உயர்வு தெரிந்தது. பிரபஞ்சவியலிலும் இது நடந்தது. 2014 மார்ச்சில் தென்துருவத்தின் பைசெப்-2 தொலைநோக்கிக் குழு, பிரபஞ்சம் பிறந்த கணத்து ஈர்ப்பலைகளின் (வெளியையே அதிரவைக்கும் அலைகளின்) தடயம் கிடைத்ததாக அறிவித்தது. மறு ஆண்டே பிளாங்க் விண்கலத் தரவோடு சேர்த்துப் பார்த்தபோது, அந்தச் சமிக்ஞையில் பெரும்பகுதி நம் பால்வீதியின் தூசியால் வந்தது என்று தெரிந்தது.

ஓய்வுபெற்ற பொறியாளர்: பெருவெடிப்பை யாரும் பார்க்கவில்லையே. அது நம்பிக்கைதானே?

பதில்: இல்லை ஐயா. ஆதி வெப்பத்தின் மிச்சம், விண்வெளி எங்கும் பரவிய மங்கிய கதிர்வீச்சாக, சுமார் 5 கெல்வினில் (சுமார் −268 டிகிரி செல்சியஸ்) இருக்கும் என்று இயற்பியலாளர்கள் ஆல்ஃபரும் ஹெர்மனும் 1948-ல் சொன்னார்கள். அதைத் தேடாமலே வானொலி வானியலாளர்கள் பென்சியாஸும் வில்சனும் கண்டார்கள், 1965-ல் வெளியிட்டார்கள். இன்றைய அளவு 2.725 கெல்வின்.

அதே மாணவி: அப்படியானால் எல்லாம் முடிவாகிவிட்டதா?

பதில்: இல்லை. பிரபஞ்சம் விரியும் வேகத்தில் பெரிய சிக்கல் இருக்கிறது. மேலே சொன்ன ஆதி ஒளியை வைத்துக் கணக்கிட்டால் மெகாபார்செக்குக்கு (சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு) வினாடிக்கு 67 கி.மீ., தூரத்தை அளக்க உதவும் செஃபீட் விண்மீன்களையும் வெடிக்கும் விண்மீன்களான சூப்பர்நோவாக்களையும் வைத்து அளந்தால் சுமார் 73. 2017-ல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியபோது வந்த ஈர்ப்பலை சுமார் 70 என்று காட்டியது. அதன் பிழை வரம்புக்குள் இரண்டு எண்களுமே அடங்குகின்றன. அதைக் குறுக்க இதுபோன்ற மோதல்கள் இன்னும் பல கிடைக்க வேண்டும்.