கைவேலை கேள்வி – பதில்: பாலிமர் கிளேயில் கெல்டிக் புரோச்

சேலை முந்தானையில் குத்தும் கெல்டிக் பாணி (அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பழங்கால பாணி) புரோச்சை, சுட்டு இறுக்கும் பிளாஸ்டிக் களிமண்ணான பாலிமர் கிளேயில் செய்வது பற்றி நெல்லைச் சீமை வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

படங்களில் பார்க்கும் கெல்டிக் புரோச்சுகளில் வளையத்தின் ஒரு பக்கம் வாய் திறந்திருக்கிறதே, அது எதற்கு?
– வாசகி, பாளையங்கோட்டை

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பழங்காலத்தில் போர்வை தோளில் நிற்பதற்காகக் குத்திக்கொண்ட உலோக ஊக்கு அது. வளையத்தின் மேல் நகரும் நீண்ட ஊசி ஒன்று உண்டு. ஊசியைத் துணியில் குத்தி, நுனியை அந்த வாய் வழியாக வளையத்துக்கு மேலே கொண்டுவந்து, வளையத்தைச் சற்றுத் திருப்பிவிட்டால் பிறகு நழுவாது. வாய் இருப்பது பூட்டுக்காகத்தான். பிற்காலத்தில் வளையம் மூடிக்கொண்டது. வாய் இருந்த இடம் அகன்ற அலங்காரமாக மட்டும் நின்றது. 1850-ல் அயர்லாந்தின் மீத் பகுதியில் பெட்டிஸ்டவுன் என்ற கடலோர ஊரில் கிடைத்த தாரா புரோச் அந்த வகை. டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தாரா என்ற குன்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதை வாங்கிய நகை வியாபாரி வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

கிளே வளையம் இழுவையைத் தாங்காது. ஆகவே திறந்த வாயை அழகுக்கு வைத்துக்கொண்டு, பிடிமானத்தை முதுகுப்பக்கம் ஒட்டும் உலோகப் பின்னிடம் (ஊசியிடம்) விட்டுவிடுங்கள்.

தினமும் வாசலில் சிக்குக் கோலம் போடுகிறேன். அதையே புரோச்சில் கொண்டுவர முடியுமா?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

தாராளமாக முடியும். கோலத்தில் கம்பியும் கம்பியும் சும்மா வெட்டிக்கொள்ளும். எது மேல், எது கீழ் என்ற பேச்சே இல்லை. கெல்டிக் முடிச்சில் பத்தமடைப் பாயின் கோரை மாதிரி ஓரிடத்தில் மேலே ஏறினால் அடுத்த இடத்தில் கீழே இறங்க வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான்.

கோலத்தைத் தாளில் பென்சிலால் போடுங்கள். ஓரிடத்தில் தொடங்கிக் கம்பி போகும் வழியே விரலை நகர்த்தி, முதல் வெட்டில் ‘மே’, அடுத்ததில் ‘கீ’ என்று மாற்றி மாற்றிக் குறித்துக்கொண்டே போங்கள். ஒரே கம்பியில் மூடும் கோலம் என்றால், அதே வெட்டுக்கு இரண்டாம் முறை வரும்போது எதிர்க்குறிதான் வரும், எங்கும் பிசகாது. பிசகினால் நடுவில் ஒரு வெட்டை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். மூன்று கம்பி ஒரே இடத்தில் சந்திக்கும் கோலத்தை மட்டும் ஒதுக்கிவிடுங்கள், அதில் இந்தக் கணக்கு நிற்காது.

கிளேயில் போடும்போது, உருட்டிய நீளக் கிளேக் கயிற்றை நிஜமாகவே அடியில் நுழைக்கப் பார்ப்பதுதான் புதிதாகச் செய்கிறவர்களின் தவறு. கயிறு நசுங்கும், வெட்டுமிடம் மேடு கட்டும். அதற்குப் பதில் துண்டு துண்டாக வையுங்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு வெட்டை மேலாகக் கடந்து, அடுத்த வெட்டில் குறுக்கே கிடக்கும் கம்பியின் பக்கவாட்டில் முட்டி நிற்கட்டும். அந்தக் கம்பிக்கு மறுபக்கம் அடுத்த துண்டைத் தொடங்குங்கள். பார்க்கிற கண் அதை அடியில் நுழைந்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். புரோச் சிறியது, நாலு புள்ளிக் கோலம், 1 மி.மீ. கம்பி, அதற்கு மேல் வேண்டாம்.

எவ்வளவு கிளே வேண்டும்? அளவும் வரிசையும் சொல்லுங்கள்.
– வாசகர், அம்பாசமுத்திரம்

57 கிராம் கட்டி ஒன்றில் நாலு புரோச் வரும். ஒன்றுக்குச் சுமார் 12 கிராம்தான் பிடிக்கும்.

முதலில் கிளேயைச் சிறு சிறு துண்டாக்கி, மடித்து வளைத்தால் விளிம்பில் வெடிக்காத பதம் வரும்வரை பிசையுங்கள். இதில் அவசரப்பட்டால் பிறகு கயிறு திரிக்கும்போது வளைவெல்லாம் கீறல் விழும். எவர்சில்வர் டம்ளரால் உருட்டி 2 மி.மீ. தகடாக்குங்கள்; இரு பக்கமும் ஐஸ் குச்சி ஒன்று வைத்து அவற்றின் மேல் உருட்டினால் கனம் சமமாக வரும். சப்பாத்திக் கட்டை வேண்டாம், ஒட்டும். மேலும் கிளே பட்ட சாமான் எதுவும் திரும்ப அடுக்களைக்குப் போகக்கூடாது.

தகட்டை வழவழப்பான வெள்ளை டைல்ஸ் துண்டின் மேல் தாள் போட்டு வையுங்கள். தாள் இல்லாவிட்டால் அடிப்பக்கம் பளபளவென்று திட்டு விழும். 5 செ.மீ. வெளிவட்டம், 3 செ.மீ. உள்வட்டம் வெட்டுங்கள், அளவான மூடிகள் போதும். கீழ்ப்பக்கம் 6 மி.மீ. அகலத்துக்கு வாய் வெட்டி எடுங்கள்.

இனி வளையத்தின் மேல் பின்னல். 2 மி.மீ. கயிறு மூன்று, ஒவ்வொன்றும் 20 செ.மீ. வளையத்தின் நடுச்சுற்று பன்னிரண்டரை செ.மீ.தான், ஆனால் பின்னும்போது நீளம் குறையும். விரலால் மட்டும் உருட்டினால் கயிறு மேடுபள்ளமாகும். தட்டையான கண்ணாடித் துண்டை மேலே வைத்து மெதுவாக உருட்டுங்கள். தலைக்குச் சடை போடுவது போலவே பின்னி, வளையத்தில் படுக்கவையுங்கள். இரு ஓரத்திலும் ஒன்றரை மி.மீ. கயிறு ஒவ்வொன்று. பின்னல் முனைகள் வாயின் இரு பக்கமும் அசிங்கமாக முடியும், கவலை வேண்டாம். 2 செ.மீ. அகல முனைத்தட்டு இரண்டு வெட்டி அவற்றின் மேல் அழுத்தினால் மறைந்துவிடும். பழைய உலோக வேலையிலும் அகன்ற முனைகள் இப்படித்தான் கண்ணை இழுக்கின்றன. அந்தத் தட்டில்தான் உங்கள் கோல முடிச்சு உட்கார வேண்டும்.

வெண்கல நிறத்துக்கு மைக்கா பவுடரை (மினுமினுப்புத் தூள்) சுடுவதற்கு முன்பே மென்மையான பிரஷ்ஷால் மேடுகளில் மட்டும் தடவுங்கள். சுட்டு ஆறியபின் கறுப்பு அக்ரிலிக் பெயிண்டைப் பூசி, காய்வதற்குள் ஈரத் துணியால் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் கறுப்பு தங்கும். பழமை வருவது அந்தக் கறுப்பால்தான்.

இங்கே அடிக்கும் வெயிலில் கிளே குழைந்து கையோடு வருகிறது. என்ன செய்ய?
– வாசகி, சங்கரன்கோவில்

வெள்ளைத் தாள் இரண்டுக்கு நடுவில் தகடாக வைத்து மேலே கனமான புத்தகம் ஏற்றுங்கள். அதிகப்படி எண்ணெய்ப் பசையைத் தாள் உறிஞ்சும். அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள், அளவு மீறினால் உதிரும். வேலை நடுவில் குழைந்தால் பையில் போட்டுப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில். காலைக் குளிர்ச்சியில் செய்வது எல்லாவற்றையும்விட நல்லது. மீதத்தைக் கடினமான மினுமினுப்பு பிளாஸ்டிக் டப்பாவில் போடாதீர்கள், கிளே அதை அரித்து ஒட்டிக்கொள்ளும். ஜிப் கவர் போதும்.

ஓடிஜி அடுப்பு இல்லை. குக்கரிலோ மணல் போட்ட சட்டியிலோ சுடலாமா?
– வாசகி, மேலப்பாளையம்

வேண்டாம். பாலிமர் கிளே காய்ந்து இறுகும் மண் அல்ல. பிவிசி துகளும் அதை இளக்கி வைக்கும் எண்ணெயும் சேர்ந்த பிளாஸ்டிக். பிராண்டைப் பொறுத்து 110 முதல் 135 டிகிரி செல்சியஸில், அரை மணி நேரம் நிலையாக இருந்தால்தான் துகள்கள் ஒன்றோடொன்று உருகிச் சேரும். இட்லிக் கொப்பரை 100 டிகிரியைத் தாண்டாது. குக்கர் 120 வரை போகும், ஆனால் நீராவியில் மேல்பரப்பு வெளுத்துத் திட்டுத்திட்டாகும். மணல் சட்டியில் சூட்டைக் கட்டுப்படுத்தவே முடியாது. கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும். அப்படி எப்போதாவது கருகினால் அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மைக்ரோவேவும் ஆகாது. சிறிய ஓடிஜி ஒன்று வாங்குங்கள் அல்லது கேட்டு வாங்கிச் சுடுங்கள்.

சொன்ன சூட்டில்தான் சுட்டேன். இரண்டே வாரத்தில் வளையம் ஒடிந்துவிட்டது.
– வாசகர், வள்ளியூர்

திருகில் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றல்ல. 20 டிகிரி வித்தியாசம் வந்தால்கூட ஆச்சரியமில்லை. ஒடிவதற்கு முதல் காரணம் எப்போதும் அரைவேக்காடுதான். அடுப்புக்குள் வைக்கும் தனித் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, சூடு நிலைத்தபின் புரோச்சை உள்ளே வையுங்கள். மேலே அலுமினியத் தாளைக் கூடாரம் போல் கவிழ்த்தால் நிறம் மாறாது. ஒவ்வொரு முறையும் அதே கிளேயில் 2 மி.மீ. பட்டை ஒன்றையும் கூடவே சுடுங்கள். ஆறியபின் வளைத்துப் பாருங்கள்: கொஞ்சம் வளைந்துகொடுத்தால் வெந்தது, படக்கென்று ஒடிந்தால் வேகவில்லை. வேகாததை மறுபடி சுடலாம், ஒன்றும் ஆகாது. ஒடிந்த உங்கள் வளையத்தையும் முதலில் சரியான சூட்டில் மறுபடி சுட்டு, பிறகு எபாக்சிப் பசையால் (இரு குழாயில் வருவது, கலந்து ஒட்டுவது) ஒட்டுங்கள்.

நெயில் பாலிஷ் பூசினேன், மாதமாகியும் பிசுபிசுக்கிறது.
– வாசகி, தென்காசி

அதிலுள்ள கரைப்பான் கிளேயை இளக்குகிறது. காத்திருந்தாலும் சரியாகாது. ஸ்பிரே வார்னிஷும் பெரும்பாலும் இதே கதைதான். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் மட்டும் பூசுங்கள்.

காருகுறிச்சிப் பானை மண்ணில் இதே புரோச்சைச் செய்யலாமா?
– வாசகி, சேரன்மகாதேவி

முடிச்சைச் செதுக்கி எடுத்தால் செய்யலாம். கயிறாகத் திரித்துப் பின்ன முடியாது. மண் காயும்போது சுருங்கும், 2 மி.மீ. கயிறு சூளைக்குப் போகுமுன்பே வெடித்துவிடும்.

பின்னை எங்கே, எதால் ஒட்டுவது? குத்தினால் முன்பக்கம் கவிழ்கிறது.
– வாசகி, களக்காடு

நடுவில் ஒட்டியிருப்பீர்கள். வாய் கீழே இருக்கும்படி பிடித்து, வளையத்தின் மேல்வளைவில் ஒட்டுங்கள், இரண்டரை செ.மீ. நீளமுள்ள பின் அங்கே சரியாக அடங்கும். பசை படும் இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரு குழாய் எபாக்சியைச் சம அளவில் கலந்து ஒட்டி, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வையுங்கள். ஒரு சொட்டில் ஒட்டும் உடனடிப் பசை நாளடைவில் நொறுங்கும். பட்டுச்சேலை என்றால் மடிப்புக்குப் பின்னால் சிறு துணித்துண்டு வைத்து, அதையும் சேர்த்துக் குத்துங்கள், இழை விலகாது.