யாழ் தீவகம்: காற்று, திருவிழா, கூழ் – கேள்வி பதில்

கேள்வி (சென்னை): அண்ணா, நாங்கள் ஐந்து பேர் வருகிறோம். நல்லூர் தேர், நெடுந்தீவு, ஒடியல் கூழ் மூன்றும் ஒரே பயணத்தில் கிடைக்க எந்த மாதம் சரி?

பதில்: மூன்றும் ஒரு மாதத்தில் அகப்படாது தம்பி. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலில் ஆடி அமாவாசையிலிருந்து ஆறாம் நாள் கொடி ஏறும். 24ஆம் திருவிழா தேர், 25ஆம் நாள் ஆவணி அமாவாசையில் தீர்த்தம். ஆகவே ஜூலைக் கடைசிக்கும் செப்டம்பருக்கும் இடையில் ஆண்டுதோறும் தேதி நகரும். அந்த 25 நாளும் பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) சமைக்க மாட்டார்கள். நண்டும் றாலும் போட்ட கூழை அப்போது அந்த வீடுகளில் எதிர்பார்க்காதீர்கள். கடலிலும் சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) நின்றுபிடித்து அடிக்கும் காலம் அது. படகு ஓடும், ஆனால் ஆட்டம் ஆட்டம்தான்.

நெடுந்தீவுக்கு நல்ல காலம் மாசி, பங்குனி. வாடை (வடகிழக்குக் காற்று) அடங்கி, சோளகம் தொடங்காத இடைவெளி. தை மாதம் கிண்டிய பனங்கிழங்கு காய்ந்து ஒடியலாகி, புது மா கிடைப்பதும் அப்போதுதான். கூழையும் நெடுந்தீவையும் ஒரு பயணமாக வையுங்கள், நல்லூரை இன்னொன்றாக. ஒரு முறைதான் வர முடியும் என்றால், தேர் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு மாசியில் வாருங்கள் என்பேன். கோவில்காரர் கோபித்தாலும் பரவாயில்லை.

ஐப்பசி முதல் மார்கழி நடுவரை தீவுப் பயணத்துக்கு டிக்கெட் போடாதீர்கள். வங்கக் கடலில் ஒரு தாழமுக்கம் வந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். தீவுக்குள் இருப்பவர் அங்கேயே இருக்கவேண்டியதுதான்.

கேள்வி (கொழும்பு): நெடுந்தீவுக்கு ஒரே நாளில் போய்த் திரும்பலாமா?

பதில்: தாராளமாக. யாழ் நகரிலிருந்து படகு ஏறும் துறையான குறிகாட்டுவானுக்கு 776 இலக்க பஸ். காலை ஆறு மணி வாக்கில் ஏறிவிடுங்கள். பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு எல்லாம் கடந்துபோக ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலைப் படகைத் தவறவிட்டால் அன்றைய பயணம் போச்சு. அடுத்த படகில் போனால் சுற்றிப் பார்க்க நேரம் இராது, தங்கவும் ஏற்பாடு இராது.

குறிகாட்டுவானில் இருந்து படகு ஏறத்தாழ ஒரு மணி நேரம். நெடுந்தீவில் மாவிலித்துறையில் இறங்கியதும் செய்யும் முதல் வேலை, திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று படகுக்காரரிடமே கேட்பது. முந்தின கிழமை யாரோ சொன்ன நேரத்தை நம்பக்கூடாது. நீரோட்டமும் காற்றும் பார்த்து மாற்றுவார்கள்.

காசைத் தாளாகவே கொண்டுபோங்கள். குடிதண்ணீரும் ஆளுக்கு இரண்டு லீற்றர். அங்கே பல கிணறுகள் உவர்.

கேள்வி: மகளுக்குப் படகில் வாந்தி வரும். என்ன செய்வது?

பதில்: கீழ்த்தட்டில் உட்கார்த்தாதீர்கள். டீசல் மணமும் புழுக்கமும் சேர்ந்துதான் வயிற்றைப் புரட்டும். பின்பக்கம், வாசலை ஒட்டி, காற்றுப் படும் இடமாகப் பிடியுங்கள். கண் தொடுவானத்தைப் பார்க்கவேண்டும், போனை அல்ல. வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. இரண்டு இடியப்பம் போதும். உயிர்காப்பு அங்கியைச் சிறுவர் அளவில் கேட்டு வாங்குங்கள். பெரியவருடையதைக் கட்டினால் தண்ணீரில் தலைக்கு மேல் கழன்றுவிடும்.

கேள்வி (பிரான்ஸ்): நெடுந்தீவில் எதை முதலில் பார்ப்பது?

பதில்: தூரத்தில் இருப்பதை முதலில். ஆட்டோ பிடித்து நேரே தெற்கே போங்கள். கடற்கரையோரம் தனித்து நிற்கும் குவிந்தா கோபுரம், குதிரைகள் மேயும் வெளி, பெருக்குமரம் (பாவோபாப்) என்று முடித்துக்கொண்டு, துறைக்குக் கிட்ட இருக்கும் ஒல்லாந்தர் கோட்டையையும் புறாக்கூட்டையும் கடைசியில் வையுங்கள். படகுக்குப் பத்து நிமிடம் முன்வரை அங்கே நிற்கலாம். மறுவளமாகச் சுற்றினால் கோபுரத்தடியில் நிற்கும்போதே மனம் படகில் கிடக்கும்.

பெருக்குமரம் அரேபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அடிமரம் பொந்து விழுந்திருக்கும், உள்ளே ஆள் நுழையலாம். ஆனால் பட்டையில் பெயர் வெட்டாதீர்கள், ஏற்கெனவே போதிய அளவு வெட்டியாயிற்று. குதிரைகள் மட்டக்குதிரைகள், உயரம் குறைவு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்து எச்சம். வெயில் காலத்தில் தண்ணீர் கிடைக்கும் இடங்களில் கூட்டமாக நிற்கும். பிஸ்கட் நீட்டிக்கொண்டு போகாதீர்கள். பின்னங்காலுக்கு எட்டாத தூரம் நல்லது.

எனக்குக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விட அந்த வேலிகள்தான் பார்க்கவேண்டியவை. சாந்து இல்லை, சீமெந்து இல்லை. முருகைக்கல்லை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி நெஞ்சளவுக்கு எழுப்பியிருக்கும். கிட்டப்போய்ப் பாருங்கள், கல்லுக்குள் பவளப்பூச்சி இருந்த சின்னச்சின்னக் கண்கள் தெரியும். இடைவெளிகளுக்குள் காற்றுப் புகுந்து போவதால் வேலி சாய்வதில்லை. ஒரு கல்லையும் எடுத்துப் பையில் போடாதீர்கள்.

கேள்வி (கோலாலம்பூர்): நயினாதீவுத் திருவிழாவுக்கு வர எண்ணம். எந்த நாள் வசதி?

பதில்: நாகபூசணி அம்மன் கொடியேற்றம் ஆனி அமாவாசையை ஒட்டி. பதினைந்து நாள் நடந்து பூரணையில் தீர்த்தம், அதற்கு முதல் நாள் தேர். தேருக்கு வந்தால் குறிகாட்டுவான் இறங்குதுறையில் வெயிலில் வரிசையில் நிற்கவேண்டிவரும். வயதானவர்கள் இருந்தால் நடுத் திருவிழாக்களில் ஒரு வாரநாளைத் தேர்ந்தெடுங்கள். கடல் கால் மணி, இருபது நிமிடம்தான். நாகவிகாரை என்ற பௌத்தக் கோவிலும் அதே தீவில்தான், இரண்டுக்கும் இடையே நடந்து போய்விடலாம்.

கோவிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை கழற்றவேண்டும். மத்தியானம் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் உண்டு. மணிமேகலையின் கையில் கிடைத்த பாத்திரத்தின் பெயர், சரியான இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி (டொரொன்டோ): அண்ணை, ஒடியல் மா வாங்கிக் கூழ் காய்ச்சினோம். கசந்து, காறி, கட்டியும் பட்டுவிட்டது. எங்கே பிழை?

பதில்: மாவை ஊறவிடாமல் போட்டிருப்பீர்கள். பச்சைக் கிழங்கைப் பிளந்து காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். கூழுக்கு ஒடியல்தான். அதில் கசப்பும் காறலும் இயல்பாகவே உண்டு. பச்சையாக உடம்புக்கும் ஆகாது. கால் கிலோ மாவை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரம் அசையாமல் விடுங்கள். மா அடியில் படியும், மேல்தண்ணீரை வடித்து ஊற்றுங்கள். இன்னும் இரண்டு தரம் இப்படி.

எட்டுப் பேருக்கு: மூன்று லீற்றர் தண்ணீரில் ஒரு பிடி அரிசி, கால் கிலோ மரவள்ளி, இருபது பலாக்கொட்டை, முறித்த பயற்றங்காய். முக்கால் பதம் வெந்த பிறகே அரைக் கிலோ மீன் (தலையோடு), நாலைந்து நண்டு, கடைசியாகக் கால் கிலோ றால். முள்ளு மீன் வேண்டாம், கூழுக்குள் முள் தேட ஏலாது. பதினைந்து செத்தல் மிளகாயை அரைத்து உப்போடு போடுங்கள். பழப்புளியை இப்போதுதான் கரைக்கவேண்டும், எலுமிச்சம்பழ அளவு. முதலே விட்டால் மரவள்ளியும் பலாக்கொட்டையும் வேகாமல் கல்லாக நிற்கும்.

படிந்த மாவை அந்தப் புளித்தண்ணீரில் கையால் கரைத்து, நெருப்பைக் குறைத்து, ஒருவர் ஊற்ற ஒருவர் துழாவவேண்டும். கட்டி படுவது இந்த இடத்தில்தான். பத்துப் பதினைந்து நிமிடம் அடிப்பிடிக்காமல் துழாவி, கரண்டியில் மெல்லப் படியும்போதே முருங்கையிலை போட்டு இறக்கிவிடுங்கள். ஆற ஆற இறுகும். அடுப்பிலேயே இறுகியிருந்தால் கோப்பையில் களியாகிவிடும். பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி, சுடச்சுடக் குடிக்கவேண்டும், பக்கத்தில் தேங்காய்ச் சொட்டு.

கேள்வி (யாழ்ப்பாணம்): மோட்டார் சைக்கிளில் ஒருநாள் சுற்று, படகு வேண்டாம்.

பதில்: பண்ணைப் பாலத்தால் வேலணை, சாட்டிக் கடற்கரை, ஊர்காவற்றுறை. அங்கிருந்து ‘பாதை’ எனும் வாகனம் ஏற்றும் மிதவையில் சைக்கிளை ஏற்றிக் காரைநகர். நடுவில் தெரிவது 1658இல் ஒல்லாந்தர் பிடித்த கடற்கோட்டை. காரைநகரின் கசூரினாக் கடற்கரையில் கடல் வெகுதூரம் இடுப்பளவுதான், பிள்ளைகளுக்கு நல்லது. மார்கழி என்றால் அங்குள்ள சிவன் கோவிலான ஈழத்துச் சிதம்பரத்தில் திருவாதிரை. பாதை ஓடுகிறதா என்று ஊர்காவற்றுறைக் கடையொன்றில் கேட்டுவிட்டுத் துறைக்குப் போங்கள். பழுதாகிக் கிடந்தால் வந்த வழியே முழுவதும் திரும்பவேண்டும், அதற்கும் பெற்றோல் இருக்கவேண்டும்.