கேளுங்க அண்ணாச்சி: சிவப்பெல்லாம் கோரலைன் இல்லை

கேள்வி: அண்ணாச்சி, உப்புத்தண்ணி மீன்தொட்டி வைத்து நாலு மாசம் ஆகிறது. லைவ் ராக்கில் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் துளைக்கல்) ஒரு பக்கம் அடர்சிவப்பாக ஏதோ படர்ந்திருக்கிறது. அடிப்பக்கம் சின்னச் சின்ன ரோஸ் புள்ளிகள், நடுவில் ஒரு இடம் வெள்ளை. கடைக்காரரிடம் போட்டோ காட்டினால் "எல்லாம் கோரலைன் பாசிதான், நல்ல அறிகுறி" என்கிறார். நம்பலாமா? – வாசகர், தக்கலை

பதில்: தம்பி, போட்டோவில் எல்லாச் சிவப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும். கையைக் கழுவிவிட்டு (சோப்பு வேண்டாம்) உள்ளே விட்டு அந்தச் சிவப்பை விரலால் தேய்த்துப் பாருங்கள். பால் ஆடை மாதிரி வழுக்கிக்கொண்டு சுருண்டு வந்தால் அது சயனோபாக்டீரியா என்கிற நுண்ணுயிர்ப் படலம், கோரலைன் இல்லை. சாயங்காலம் அதன்மேல் குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழிகள் நிற்கும், ராத்திரி விளக்கணைந்து காலையில் பார்த்தால் படலம் கொஞ்சம் மெலிந்திருக்கும், மத்தியானத்துக்குள் மறுபடி தடித்துவிடும். டியூப் வைத்து உறிஞ்சி எடுங்கள், அந்தப் பக்கம் தண்ணீர் ஓட்டம் படும்படி தண்ணீரைத் தள்ளும் பம்பான பவர்ஹெட்டைத் திருப்புங்கள், தீனியைக் குறையுங்கள்.

கோரலைன் அப்படி வராது. அது சிவப்புப் பாசி இனம்தான், ஆனால் தன் செல் சுவரிலேயே சுண்ணாம்பைப் படியவைத்துக்கொள்வதால் கல்லோடு கல்லாக இறுகிவிடும். விரலுக்குச் சொரசொரப்பாகப் படும், நகத்தால் சுரண்டினாலும் லேசில் பெயராது. கண்ணாடியில் வந்ததை பிளேடு வைத்துச் சுரண்டினால் கரகரவென்று சத்தம் கேட்கும், செதில் செதிலாக விழும். உங்கள் ரோஸ் புள்ளிகள் அநேகமாக இதுதான். ஒரு லென்ஸ் இருந்தால் புள்ளியின் ஓரத்தைப் பாருங்கள்: வட்டமாக, விளிம்பில் வெளிறிய மெல்லிய கோடு ஓடினால் அது வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெளிச்சம் குறைந்த அடிப்பக்கத்தில் முதலில் வருவதும் சகஜம்.

இடைப்பட்ட கேஸ் ஒன்று உண்டு, பெய்சொனீலியா என்கிற இன்னொரு சிவப்புப் பாசி. கருஞ்சிவப்பு, தோல் மாதிரி வளையும், ஓரத்தில் நகத்தை விட்டால் மடல் மடலாகத் தூக்கிக்கொண்டு வரும். பார்க்க அழகுதான், ஆனால் சில தொட்டிகளில் பவளத்தின் மேலேயே ஏறிவிடும், கண் வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் அமுங்கி, மேலே சின்னத் துளைகள் தெரிந்தால் அது கடற்பஞ்சு, விட்டுவிடுங்கள்.

நடுவில் இருக்கும் வெள்ளை? விளிம்பு வெளிறுவது வேறு, நடுவே வெள்ளையாவது வேறு. அங்கே இருந்த கோரலைன் செத்து வெறும் சுண்ணாம்பு மிஞ்சியிருக்கலாம். பார்சலில் காய்ந்தாலோ, திடீரென்று பலமான விளக்கின் கீழ் வைத்தாலோ இப்படி ஆகும். கடல் முள்ளெலி வளர்க்கிறீர்கள் என்றால் அது மேய்ந்த தடமாகவும் இருக்கலாம். கல் கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம் டெஸ்ட் கிட். கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், காரத்தன்மை 8 முதல் 11 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு), மக்னீசியம் 1300 பிபிஎம்-ஐ ஒட்டி. இந்த மூன்றும் ஏறி இறங்காமல் ஒரே சீராக நிற்பதுதான் முக்கியம், கால்சியத்தை மட்டும் கொட்டிப் பயனில்லை. பாஸ்பேட் கூடினால் சுண்ணாம்பு படிவது தடைப்படும், அதனால் ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்குக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாமல் ஆர்.ஓ. தண்ணீரே ஊற்றுங்கள்.

கேள்வி: முட்டம் பாறையில் வேலி இறக்கத்தில் (கடல் தண்ணீர் வற்றும்போது) ரோஸ் நிறமாகப் பூத்துக் கிடக்கிறதே, அந்தக் கல்லை எடுத்துத் தொட்டியில் போட்டால் காசு மிச்சமாகுமே? – வாசகர், குளச்சல்

பதில்: அங்கே பாறை இடுக்கில் தேங்கிய தண்ணீரில் பார்ப்பது பெரும்பாலும் கோரலைன்தான், கிளைகிளையாக முறிகிற வகையும் அதில் சேர்த்தி. ஆனால் நம்ம ஊர்க் கரைக்கல் இறுகிய கருங்கல் வகை, உள்ளே துளையே கிடையாது. லைவ் ராக்குக்குக் காசு கொடுப்பதே அந்தத் துளைகளில் குடியிருந்து தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற பாக்டீரியாவுக்காகத்தான். அலை அடித்துக்கொண்டே இருந்த பாசியும் உங்கள் தொட்டியின் அலையில்லாத தண்ணீரில் வெளுத்துப் போகலாம். பவளக்கல்லைத் தேடிப் போகிற எண்ணம் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, செத்த துண்டானாலும் சிக்கல்தான். செயற்கையாகச் செய்த துளைக்கல் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். கடற்கரை மணலும் வேண்டாம். மணவாளக்குறிச்சி பக்கத்துக் கருமணலில் இருக்கும் இல்மனைட் தாது காந்தத்தில் ஒட்டும், கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் ஒரு மணல்துகள் ஏறினால் போதும், கண்ணாடி முழுக்கக் கீறல்.

கேள்வி: செயற்கைக் கல்லில் கோரலைன் தானாக வருமா? – வாசகி, மார்த்தாண்டம்

பதில்: விதை இல்லாமல் வராது. தெரிந்தவர் தொட்டியில் ஊதாவாகப் படர்ந்த சின்னக் கல் ஒன்றையோ, கண்ணாடியில் சுரண்டிய செதில்களையோ கேட்டு வாங்கி, தண்ணீர் ஓட்டம் வருகிற இடத்தில் போடுங்கள், ஸ்கிம்மரை (நுரையாக்கிக் கழிவைப் பிரிக்கும் கருவி) சில மணி நேரம் நிறுத்திவையுங்கள். வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாது, முதல் புள்ளி பம்பின் மேலேயே வந்தாலும் வரும். வாங்குகிற கல்லில் பழுப்பாக, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற குட்டி அனிமோன் (பூ மாதிரி விரியும் கடல் பிராணி) ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். அது ஐப்டேஸியா, தொட்டியில் பெருகித் தொல்லை கொடுக்கிற வகை, இருந்தால் எவ்வளவு ஊதாவாக இருந்தாலும் அந்தக் கல் வேண்டாம்.