நியூட்ரான் நட்சத்திரத்துக்குள் குவார்க் பொருள் இருக்கிறதா என்று எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

நியூட்ரான் நட்சத்திரம் என்பது பெரிய விண்மீன் வெடித்த பிறகு எஞ்சும் மிக அடர்த்தியான கரு; குவார்க் என்பது புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் உள்ளே இருக்கும் துகள். எம்.எஸ்சி. கடைசி செமஸ்டரில் இதைத்தான் புராஜெக்டாகச் செய்தேன். அதனால், யாரும் போய்ப் பார்க்க முடியாத இடத்துக்கு எப்படி மாடல் போடுவது என்ற உங்கள் கேள்வியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

நட்சத்திரத்தை மொத்தமாகக் கணினியில் கட்ட வேண்டியதில்லை. வேண்டியது ஒரே ஒரு கோடு: ஆற்றல் அடர்த்தி இவ்வளவு என்றால் அழுத்தம் எவ்வளவு? இதற்கு நிலைச் சமன்பாடு என்று பெயர். அது கையில் இருந்தால், மீதியை 1939-இல் டோல்மன், ஓப்பன்ஹைமர், வோல்காஃப் எழுதிய சமன்பாடு பார்த்துக்கொள்ளும். மையத்தில் ஓர் அழுத்தத்தை வைத்துக்கொண்டு, வெங்காயத்தை உள்ளிருந்து அடுக்குவதுபோலச் சில மீட்டர் தடிமனில் வெளியே நகர வேண்டும். அடுக்குக்கு அடுக்கு நிறை கூடும், அழுத்தம் குறையும். அழுத்தம் பூஜ்யமாகும் இடம்தான் மேற்பரப்பு.

குவார்க்குக்கு இருப்பதிலேயே எளிய கோடு, 1974-இல் வந்த எம்.ஐ.டி. பை மாதிரி. குவார்க்குகள் ஒரு பைக்குள் தாராளமாக ஓடியாடுகின்றன; வெளியே இருக்கும் வெற்றிடம் அந்தப் பையை 'பி' என்ற அழுத்தத்தால் நெருக்குகிறது. குவார்க்குக்கு நிறையே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஆற்றல் அடர்த்தியில் 4 பி-யைக் கழித்து மூன்றால் வகுத்தால் அழுத்தம். அவ்வளவுதான்.

இங்கேதான் நான் மாட்டினேன். மேற்பரப்பு என்றால் அங்கே பொருள் தீர்ந்திருக்கும் என்று நினைத்து, அடர்த்தி பூஜ்யமானதும் நிற்கும்படி பைத்தானில் எழுதிவிட்டேன். நிரல் 20 கி.மீ. தாண்டியும் நிற்காமல் ஓடியது. அழுத்தத்தை அச்சிட்டுப் பார்த்தால் மைனஸில் இருக்கிறது! இரண்டு நாள் முழித்த பிறகுதான் புரிந்தது. இந்தக் கோட்டில் அழுத்தம் பூஜ்யமாகும்போதும் அடர்த்தி 4 பி-யில் நிற்கிறது. பி-க்கு வழக்கமாகப் போடும் மதிப்பான, கன ஃபெர்மிக்குச் (ஃபெர்மி என்பது அணுக்கரு அளவிலான நீள அலகு) சுமார் 57 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டை வைத்தால், அது தண்ணீரைப்போல ஏறத்தாழ 4 கோடி கோடி மடங்கு. சுத்தமான குவார்க் நட்சத்திரத்தின் விளிம்பு, கத்தியால் வெட்டியதுபோல அந்த அடர்த்தியிலிருந்து நேரே வெற்றிடத்துக்கு இறங்கும்.

ஆனால் இன்று பெரும்பாலோர் தேடுவது கலப்பு நட்சத்திரத்தை: வெளியே சாதாரண அணுக்கருப் பொருள், உள்ளே குவார்க் கரு. அதற்கு இரண்டு கோடுகளை ஒட்டுப்போட வேண்டும். அழுத்தமும் வேதி நிலையாற்றலும் (ஒரு துகளைக் கூடுதலாகச் சேர்க்க ஆகும் ஆற்றல்) இரண்டு பக்கமும் சமமாகும் புள்ளியில்தான் தையல் விழும். அந்த இடத்தில் அடர்த்தி குதிக்கும். குதி ரொம்பப் பெரிதாகிவிட்டால், குவார்க் கரு தோன்றிய உடனே நட்சத்திரம் தாங்காமல் உள்ளே சரிந்துவிடும்.

எந்தக் கோடு சரி என்று யார் சொல்வது? பல்சர்கள்தான், அதாவது சுழன்றுகொண்டே ரேடியோ துடிப்புகளை அனுப்பும் நியூட்ரான் நட்சத்திரங்கள். 2010-இல் ஜே1614-2230 என்ற பல்சரின் நிறை 1.97 சூரிய நிறை என்று வந்தது (பிறகு 1.91 பக்கம் இறங்கியது). துணை விண்மீனான வெள்ளைக் குள்ளனுக்கு அருகே வரும்போது ரேடியோ துடிப்புகள் தாமதமாவதை வைத்து அளந்தார்கள். அந்த ஒரே அளவீட்டில் ஏகப்பட்ட மெத்தென்ற கோடுகள், அதாவது அழுத்தம் மெல்லவே ஏறுவதால் அவ்வளவு நிறையைத் தாங்க முடியாதவை, குப்பைக்குப் போயின. பிறகு ஜே0740+6620 வந்தது, 2.08. எளிய பை மாதிரி, மேலே சொன்ன பி-யோடு, 2 சூரிய நிறையை ஒட்டி மூச்சு வாங்கும். பி-யைக் கூட்டினால் இன்னும் கீழே போகும். அதனால் இப்போது குவார்க்குகளுக்கிடையே விலக்கு விசை, ஜோடி சேர்தல் எல்லாம் சேர்த்துத்தான் போடுகிறார்கள். 2017-இல் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிய ஈர்ப்பலை வந்து எதிர்ப்பக்கம் இழுத்தது: நட்சத்திரத்தின் ஆரம் ரொம்பப் பெரிதாகவும் இருக்கக் கூடாது என்று.

கோட்டின் இரண்டு முனைகள் ஓரளவு உறுதி. அணுக்கரு அடர்த்தியைப்போல ஒன்றிரண்டு மடங்கு வரை அணுக்கருக் கோட்பாடு கைகொடுக்கும். 40 மடங்குக்கு அந்தப் பக்கம் குவார்க் கோட்பாட்டிலிருந்தே நேராகக் கணக்கிடலாம். கனமான நட்சத்திரத்தின் மையம் நடுவில், பெரும்பாலும் 10 மடங்குக்குள், மாட்டிக்கொள்கிறது. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வுக் குழு இந்த இடைவெளியை லட்சக்கணக்கான கோடுகளால் நிரப்பி, பல்சர்களோடு ஒத்துவராதவற்றைத் தள்ளிப் பார்த்தது. மிகக் கனமான நட்சத்திரங்களின் மையத்தில் குவார்க் பொருள் இருக்க 80 முதல் 90 சதவீத வாய்ப்பு என்று 2023-இல் சொன்னார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். ஏனென்றால் விலக்கு விசையைக் கொஞ்சம் திருகினால், குவார்க் கரு உள்ள நட்சத்திரமும் இல்லாத நட்சத்திரமும் ஒரே நிறை, ஒரே ஆரம் காட்டும். என் வரைபடத்திலேயே இரண்டு வளைவுகள் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்து, எது எது என்று நிறம் மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது.

நீங்களும் போட்டுப் பார்க்கலாம், சிறிய நிரல்தான். முதலில் ஒன்றோடொன்று மோதாத வெறும் நியூட்ரான் வாயுவை வைத்து ஓட்டுங்கள். உச்ச நிறை 0.7 சூரிய நிறைக்குப் பக்கத்தில் வந்தால், 1939-இல் ஓப்பன்ஹைமருக்கும் வோல்காஃபுக்கும் வந்த விடை உங்களுக்கும் வந்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு பையைத் திறங்கள்.